டிசம்பரில் ஹோம்ஸ்கூல்: எதை நிறுத்துவது, எதை விடாமல் பிடிப்பது

அமெரிக்காவில் ஹோம்ஸ்கூல் (பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பது) தொடங்கிய முதல் வருடத்தில் பல குடும்பங்கள் தடுமாறும் மாதம் டிசம்பர். ஆகஸ்டில் இருந்த உற்சாகம் வடிந்திருக்கும். தேங்க்ஸ்கிவிங் முடிந்து புத்தகத்தைத் திறந்தால் பிள்ளைகளின் மனசு அதில் இருக்காது. சபையில் கேரல் பயிற்சி, சண்டே ஸ்கூல் நாடகம், ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் என்று மாலைகள் எல்லாம் போய்விடும். இது போதாதென்று, "கிறிஸ்தவக் குடும்பம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்தை ஒழுங்காகக் கொண்டாட வேண்டாமா?" என்று இணையத்தில் பார்த்த பத்து வேலைகளையும் அம்மா தன் தலையில் ஏற்றிக்கொள்வார். கணக்கு, அறிவியல், இலக்கணம் எதுவும் குறையாது. அதன் மேல் மெழுகுவர்த்தி வளையம், கைவேலை, கேக். 12ஆம் தேதி வாக்கில் வீட்டில் எல்லாருக்கும் எல்லார் மேலும் எரிச்சல்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த மாதம் எதையாவது சேர்க்க ஆசைப்பட்டால், முதலில் இரண்டை எடுத்துவிடுங்கள். கீழே உள்ள படிகளை நவம்பர் கடைசி வாரத்திலேயே உட்கார்ந்து முடிவு செய்துவிடலாம். கணவன் மனைவி இருவருமாக, ஒரு காபி குடிக்கும் நேரம் போதும்.

படி 1: உங்கள் மாநிலம் என்ன கேட்கிறது?

50 மாநிலங்களிலும் ஹோம்ஸ்கூல் சட்டப்படி சரியானது. ஆனால் விதிகளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டெக்சஸில் நாள் கணக்கே கிடையாது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமகனாக இருப்பது ஆகிய ஐந்தையும் உண்மையான பாடத்திட்டம் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் போதும். 1994இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் லீப்பர் வழக்கில் இதை உறுதிசெய்தது. ஜார்ஜியாவில் வருடத்துக்கு 180 நாட்கள், நாளுக்கு 4½ மணி நேரம். பென்சில்வேனியாவில் 180 நாட்கள், அல்லது தொடக்க வகுப்புகளுக்கு 900 மணி நேரம், மேல் வகுப்புகளுக்கு 990 மணி நேரம். நியூயார்க்கிலும் 900, 990 என்றுதான் கணக்கு. அதோடு வருடத்துக்கு நான்கு முறை காலாண்டு அறிக்கை வேறு அனுப்ப வேண்டும். வட கரோலினாவில் நியாயமான விடுமுறைகள் போக, ஒன்பது மாதங்கள் பள்ளி நடக்க வேண்டும். சட்டங்கள் மாறும். ஆகவே வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொன்னதை நம்பாமல், மாநிலக் கல்வித் துறையின் பக்கத்தை நேரே போய்ப் படியுங்கள்.

நாள் கணக்கு உள்ள மாநிலங்களில் இருப்பவர்கள் பயப்படத் தேவையில்லை. 180 நாட்கள் என்றால் 36 வாரங்கள். வருடத்தில் மீதி 16 வாரங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. ஆகஸ்ட் இரண்டாம் வாரம் தொடங்கியவர்களுக்கு, தேங்க்ஸ்கிவிங் வாரத்தை விட்டுவிட்டாலும், டிசம்பர் மூன்றாம் வாரம் முடியும்போது சுமார் 90 நாட்கள் ஆகியிருக்கும். சரி பாதி. செப்டம்பரில் தொடங்கியவர்களுக்குக் கொஞ்சம் குறையும், அதை ஜூனில் ஈடுகட்டிக்கொள்ளலாம். அதனால் டிசம்பரில் பாடத்தைக் குறைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. தடுப்பது பெரும்பாலும் நம்முடைய பயம்தான், "ஒரு நாள் விட்டால் பின்தங்கிவிடுவான்" என்று வளர்க்கப்பட்ட நம் பயம்.

இன்னொரு கூட்டம் உண்டு: பிள்ளையை இப்போதுதான் பள்ளியிலிருந்து எடுக்கப் போகிறவர்கள். முதல் அரையாண்டு முடியும் நேரம் என்பதால் டிசம்பரில் இந்த முடிவை எடுப்பவர்கள் அதிகம். நீங்கள் அப்படியென்றால், விடுமுறை தொடங்கும் முன் பள்ளிக்கு எழுத்தில் விலகல் கடிதம் கொடுத்து, அதற்கு ஒரு பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் இல்லாமல் ஜனவரியில் பிள்ளை போகாமல் இருந்தால், பள்ளிப் பதிவேட்டில் அது காரணமில்லாத விடுப்பு, வீணான தலைவலி. நியூயார்க்கில் இருப்பவர்கள் வருடத்தின் நடுவில் தொடங்கினால் 14 நாட்களுக்குள் பள்ளி மாவட்டத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஜார்ஜியாவில் 30 நாட்கள் அவகாசம். மதிப்பெண் அறிக்கை, தடுப்பூசிப் பதிவு இரண்டின் நகலையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பாடப் பெட்டியை மட்டும் டிசம்பரில் வாங்காதீர்கள். அபெக்கா, பிஜேயூ பிரஸ், சன்லைட், மை ஃபாதர்ஸ் வேர்ல்ட் என்று கிறிஸ்தவப் பாடத்திட்டங்கள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றின் போக்கும் வேறு. அபெக்கா ஏறக்குறைய பள்ளிக்கூடத்தையே வீட்டுக்குக் கொண்டுவருவது போல, பயிற்சிப் புத்தகமும் தேர்வுமாக இருக்கும். சன்லைட் கதைப் புத்தகங்களை மடியில் வைத்துப் படிக்கும் வகை. உங்கள் பிள்ளைக்கு எது ஒத்துவரும் என்று அவனோடு ஒரு மாதம் வீட்டில் இருந்து பார்க்காமல் எப்படித் தெரியும்? மாதிரிப் பாடங்களை இலவசமாக இறக்கிப் பாருங்கள். சபையில் ஏற்கெனவே ஹோம்ஸ்கூல் செய்யும் அக்கா யாராவது இருந்தால், அவர் அலமாரியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அது எந்த விளம்பரத்தையும்விடத் தெளிவாகச் சொல்லும்.

படி 2: இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை மூடுங்கள்

டிசம்பர் முழுக்கப் பாடத்தை அடியோடு நிறுத்துவதும் சரிவராது. மூன்று வாரம் தொடாமல் விட்டால் பெருக்கல் வாய்ப்பாடு ஆவியாகிவிடும். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை ஜனவரியில் மறுபடி தடவும். மற்ற எதுவும் அப்படி இல்லை. ரோமப் பேரரசு பிப்ரவரி வரை காத்திருக்கும்.

ஆகவே வைத்துக்கொள்ள வேண்டியவை கணக்கும் வாசிப்பும். சிறிய பிள்ளைகளுக்குக் கணக்கு 15 நிமிடம், பெரியவர்களுக்கு 30. புதுப் பாடம் வேண்டாம், ஏற்கெனவே தெரிந்ததைப் பழக்குவது போதும். ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) வழியைப் பின்பற்றும் வீடுகளில் சின்னப் பிள்ளைகளின் பாடம் எந்த மாதத்திலும் 20 நிமிடத்தைத் தாண்டாது. அவர்களுக்கு டிசம்பர் பெரிய மாற்றமாகவே இருக்காது. இலக்கணப் பயிற்சி ஏடு, எழுத்துக்கூட்டல் பட்டியல், வரலாறு, அறிவியல் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுங்கள். கண்ணில் பட்டால் மனசு உறுத்தும்.

காலை 9:30க்குத் தொடங்கி 11:30க்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். கேரல் பயிற்சி முடிந்து இரவு 11 மணிக்கு வீடு திரும்பிய மறுநாள், 10:30க்குத் தொடங்குங்கள். அந்த வசதிக்காகத்தானே வீட்டில் படிக்க வைக்கிறோம்.

உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு அல்ஜீப்ராவும் வேதியியலும் கல்லூரிக்குக் காட்ட வேண்டிய கணக்கு. அரையாண்டுத் தேர்வுகளை டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குள் முடித்துவிட்டு, பிறகு முழு விடுமுறை விடுங்கள். பாதி விடுமுறை பாதிப் படிப்பு என்பது 16 வயதுக்காரரிடம் எடுபடாது. ஹோம்ஸ்கூல் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் கோ-ஆப் வகுப்புகளும் பெரும்பாலும் அந்த வாரத்தோடு நின்றுவிடும்.

படி 3: ஒரே ஒரு வேத வாசிப்புத் திட்டம்

இங்கேதான் புதியவர்கள் அளவு தெரியாமல் போகிறார்கள். அட்வென்ட் வளையம், ஈசாய் மரம், லூக்கா வாசிப்பு, மனப்பாட வசனம், சாக்லேட் காலண்டர் என்று ஐந்தையும் ஒரே வருடத்தில் எடுத்துக்கொள்வார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த டிசம்பர் வரத்தான் போகிறது.

ஆறு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் ஈசாய் மரம் நல்லது. ஏசாயா 11:1இல் ஈசாயின் அடிமரத்திலிருந்து துளிர் தோன்றும் என்ற வசனம்தான் அதன் அடிப்படை. காய்ந்த கிளை ஒன்றைப் பூச்சாடியில் நட்டு, நாளுக்கு ஒரு கதை படித்து, அதற்கான அடையாளத்தைக் காகிதத்தில் வெட்டித் தொங்கவிட வேண்டும். நோவாவுக்கு வானவில், ஆபிரகாமுக்கு நட்சத்திரங்கள், யோசேப்புக்குப் பல வருண அங்கி, ராகாபுக்கு சன்னலில் கட்டிய சிவப்பு நூல், ரூத்துக்குக் கதிர், தாவீதுக்குக் கிரீடம். பழைய ஏற்பாடு முழுவதும் ஒரு கோட்டில் வந்துவிடும். கடையில் விற்கும் மரச் சில்லுகள் வேண்டாம். பிள்ளை வெட்டிய கோணல் நட்சத்திரம்தான் அந்தக் கதையை அவன் மண்டையில் ஏற்றும்.

ஏழு, எட்டு வயதுக்கு மேல் லூக்கா. 24 அதிகாரங்கள், டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஒன்று. அமெரிக்கச் சபைகளில் பரவலாகச் சொல்லப்படும் திட்டம் இது. இரண்டு விஷயம் மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் அதிகாரத்தில் 80 வசனங்கள். முதல் நாளே பிள்ளைகள் நெளிந்துவிடுவார்கள். அதை நவம்பர் கடைசி இரண்டு நாட்களிலேயே பாதி பாதியாகத் தொடங்கிவிடுங்கள். இரண்டாவது, 23ஆம் தேதி சிலுவை மரணம் வரும், 24ஆம் தேதி உயிர்த்தெழுதல். வீடெல்லாம் நட்சத்திரம் தொங்கும் நேரத்தில் கொல்கொதாவைப் படிப்பது சில பிள்ளைகளுக்கு ஆழமாக இறங்கும், சிலருக்குக் குழப்பமாகிவிடும். உங்கள் பிள்ளை எந்த வகை என்பது உங்களுக்குத்தான் தெரியும். குழப்பம் என்றால், 20ஆம் தேதியோடு நிறுத்திவிட்டு மறுபடி இரண்டாம் அதிகாரத்துக்கு வந்துவிடலாம். மீதியை ஈஸ்டருக்கு முன் படிக்கலாம்.

அட்வென்ட் வளையத்துக்கு ஒரு சுவையான பின்கதை உண்டு. ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான விடுதி நடத்திய யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர் 1839இல் உருவாக்கியது அது. "கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள்?" என்று பிள்ளைகள் நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். மரச் சக்கரம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் வாரநாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் வைத்து நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். இப்போது பல சபைகளில் நான்குதான், மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிற்றுக்கு ஒரு ரோஸ். பெந்தெகொஸ்தே பின்னணியில் வளர்ந்தவர்களுக்கு இந்த வழக்கமே அந்நியமாக இருக்கலாம். கட்டாயம் ஒன்றும் இல்லை. வைப்பதென்றால், காய்ந்த பைன் இலை சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். பேட்டரி மெழுகுவர்த்தியால் பக்தி ஒன்றும் குறைந்துவிடாது.

பெரிய பிள்ளைகளுக்கு அட்வென்ட்டிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் என்பதால், அந்தக் காலத்தின் நீளம் வருடத்துக்கு வருடம் மாறும். 25ஆம் தேதி ஞாயிறாக வந்தால் 28 நாட்கள். திங்களாக வந்தால் 22தான், ஏனென்றால் நான்காம் ஞாயிறே 24ஆம் தேதி. விடையைச் சொல்லாமல், ஏழு வருடக் காலண்டரைக் கொடுத்து அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

தமிழ் வாசிப்புக்கும் இதைவிட நல்ல மாதம் கிடையாது. லூக்கா 2ஆம் அதிகாரத்தில் முதல் 20 வசனங்கள் கிறிஸ்துமஸ் கதை. டிசம்பர் 5ஆம் தேதி தொடங்கி நாளுக்கு ஒரு வசனம் தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்தால், 24ஆம் தேதி மேய்ப்பர்கள் திரும்பிப் போகும் வசனத்தில் முடியும். கிறிஸ்துமஸ் அன்று குடும்ப ஜெபத்தில் பிள்ளையே முழுவதையும் வாசிக்கட்டும். வீடியோ அழைப்பில் ஆச்சி தாத்தாவும் கேட்டால், ஒரு வருடத்துத் தமிழ் வகுப்புக் கட்டணம் மிச்சம்.

படி 4: மீதிப் பாடத்தைக் காலமே நடத்தும்

இப்போதுதான் சேர்க்கும் வேலை. அதிலும் இரண்டு, மூன்று போதும். நான் முதலில் சிபாரிசு செய்வது சூரியனை.

சுவரில் ஒரு கட்டக் காகிதத்தை ஒட்டி, நவம்பர் கடைசி முதல் ஜனவரி 10 வரை தினமும் சூரியன் உதிக்கும் நேரம், மறையும் நேரம் இரண்டையும் பிள்ளைகள் குறித்துவர வேண்டும். போனில் வானிலை பார்க்கும் செயலியிலேயே இருக்கும். வெளியே தெரிகிற வீடாக இருந்தால் கண்ணால் பார்த்துக் குறிப்பது இன்னும் நல்லது. டிசம்பர் 21 அல்லது 22 வருடத்திலேயே குறுகிய பகல் என்று எல்லாரும் படித்திருக்கிறோம். அன்றுதான் சூரியன் மிகச் சீக்கிரம் மறையும் என்றும் நினைத்திருப்போம். படம் வேறு சொல்லும். நியூயார்க், நியூ ஜெர்சி பக்கம் மிகச் சீக்கிரம் மறைவது டிசம்பர் 8 வாக்கில், மாலை 4:28க்கு. 21ஆம் தேதிக்குள் மறையும் நேரம் மூன்று நான்கு நிமிடம் தள்ளிப்போயிருக்கும். ஆனால் காலையில் உதிப்பதும் தாமதமாகிக்கொண்டே போகும், ஜனவரி முதல் வாரம் வரை. இரண்டு கோடும் சேர்ந்து வரும்போதுதான் குறுகிய பகல் 21இல் விழுவது புரியும். பூமியின் 23½ பாகைச் சாய்வும், அதன் சுற்றுப்பாதை சரியான வட்டம் இல்லை என்பதும் இதற்குக் காரணம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை விளக்கலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளை புள்ளி வைத்துக் கோடு போட்டால் போதும்.

அதோடு நிறுத்தாமல், திருநெல்வேலியில் இருக்கும் தாத்தாவிடம் அங்கே எத்தனை மணிக்கு உதித்தது, எத்தனை மணிக்கு மறைந்தது என்று 21ஆம் தேதி கேட்கச் சொல்லுங்கள். அங்கே பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். நியூயார்க்கில் ஒன்பதேகால். பூமத்திய ரேகைக்கு யார் பக்கம் என்று உலக உருண்டையில் விரல் வைத்துக் காட்டினால் அட்சரேகைப் பாடம் அங்கேயே முடிந்தது.

பனி விழும் ஊரென்றால் வில்சன் பென்ட்லியை அறிமுகப்படுத்துங்கள். வெர்மான்ட் மாநிலத்து ஜெரிக்கோவில் வீட்டிலேயே அம்மாவிடம் படித்து வளர்ந்த விவசாயி மகன். 1885இல், 19 வயதில், நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி ஒற்றைப் பனித்துகளைப் படம் பிடித்தார். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். கறுப்புக் காகிதம் ஒன்றை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, பனி விழும்போது வெளியே நீட்டிப் பிடித்தால், துகள்கள் உடனே உருகாமல் நிற்கும். பூதக்கண்ணாடியில் ஆறு கிளைகளை எண்ணலாம். டெக்சஸ்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

அவர்களுக்கும் சேர்த்து, எல்லா மாநிலத்தவருக்கும் பறவைக் கணக்கெடுப்பு உண்டு. கிறிஸ்துமஸ் நாளில் யார் அதிகம் சுட்டுத் தள்ளுகிறார்கள் என்று போட்டி போடும் வழக்கத்துக்கு மாற்றாக, 1900இல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் சுடாமல் எண்ணச் சொன்னார். பறவைகளைப் பாதுகாக்கும் ஆடுபான் அமைப்பு இன்றும் டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை அதை நடத்துகிறது. கட்டணம் இல்லை. ஆனால் உங்கள் பகுதியின் ஒருங்கிணைப்பாளரிடம் முன்பே பெயர் கொடுக்க வேண்டும். கணக்கெடுக்கும் வட்டத்துக்குள் வீடு இருந்தால், தோட்டத்துத் தீவனத் தட்டில் வரும் பறவைகளைச் சன்னலோரம் உட்கார்ந்து எண்ணவும் வழி இருக்கலாம், கேளுங்கள்.

வரலாற்றுக்கு ஒரே கேள்வி போதும், பன்னிரண்டு வயதுக்கு மேல் உள்ளவர்களிடம் கேளுங்கள். 1659இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். போட்டது பக்தி மிகுந்த பியூரிட்டன் கிறிஸ்தவர்கள். ஏன்? 1681இல் சட்டம் நீங்கியது, 1870இல்தான் கிறிஸ்துமஸ் அமெரிக்காவில் கூட்டரசு விடுமுறை ஆனது. நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்துவந்து அவர்களே பதில் தேடட்டும். கிறிஸ்துமஸ் புத்தகங்களை மட்டும் நவம்பர் நடுவிலேயே பதிவு செய்து வையுங்கள். டிசம்பரில் போனால் அலமாரி காலி.

அடுக்களைக் கணக்கு

"சமையலும் பாடம்தான்" என்று எல்லாரும் சொல்வார்கள். சும்மா மாவைக் கிளறவிட்டால் அது பாடம் ஆகாது, அடுக்களை நாசமாவதுதான் மிச்சம். என்ன கற்றுக்கொள்ளப் போகிறான் என்பதை முன்பே ஒன்றாகச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

அச்சு முறுக்கை எடுத்துக்கொள்வோம். அரிசி மாவு, கொஞ்சம் மைதா, சர்க்கரை, முட்டை, தேங்காய்ப்பால், எள். அம்மாவின் குறிப்பு டம்ளர் கணக்கில் இருக்கும், இங்கே கையில் இருப்பது அமெரிக்கக் கப், சுமார் 237 மில்லி. டம்ளரில் தண்ணீர் ஊற்றி அளவுக் குடுவையில் கவிழ்த்து எத்தனை மில்லி என்று பார்த்து, குறிப்பு முழுவதையும் பிள்ளை கப்புக்கு மாற்றி எழுத வேண்டும். பிறகு சபையில் பங்கிட வேண்டும் என்பதற்காக ஒன்றரை மடங்கு ஆக்க வேண்டும். முக்கால் கப்பின் ஒன்றரை மடங்கு எவ்வளவு? பயிற்சி ஏட்டில் முகம் சுளிக்கிற பிள்ளை இங்கே தானாகவே பென்சிலை எடுப்பான்.

அறிவியல் அச்சில் இருக்கிறது. அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைத்துவிட்டுத்தான் மாவில் முக்க வேண்டும். காயாத அச்சில் மாவு பிடிக்காது, வழிந்துவிடும். காய்ந்த அச்சில் தொட்ட மாத்திரத்தில் ஒரு மெல்லிய படலம் வெந்து ஒட்டிக்கொள்ளும், எண்ணெயில் பொரிந்து விறைத்ததும் லேசாக ஆட்டினால் தானே கழன்றுவிடும். அச்சின் முக்கால் உயரம் வரைதான் முக்கலாம். மேல் விளிம்பையும் மாவு மூடிவிட்டால் முறுக்கு கழலவே கழலாது, குச்சியால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லாமல், ஏன் கழலவில்லை என்று பிள்ளையையே யோசிக்க விடலாம். எண்ணெய்ப் பக்கம் பெரியவர்கள் மட்டும். சிறியவர்கள் மேசையில் முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடிக்கட்டும், பத்துப் பத்தாக அடுக்கி எண்ணட்டும்.

படி 5: கொடுப்பது, கிறிஸ்துமஸ் தாத்தா, ஊர்ப் பயணம்

பிற நாட்டுப் பிள்ளைகளுக்கு சமாரிட்டன்ஸ் பர்ஸ் அமைப்பு அனுப்பும் காலணிப் பெட்டிப் பரிசுகளைச் செய்ய ஆசைப்படுபவர்கள் அதை நவம்பரிலேயே முடிக்க வேண்டும், சேகரிக்கும் வாரம் நவம்பர் மூன்றாம் வாரத்தில் வரும். டிசம்பரில் நினைவு வந்தவர்களுக்கு ரட்சணிய சேனை கடை வாசலில் காணிக்கை சேர்க்க வைக்கும் சிவப்புக் கெட்டில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் 1891இல் தொடங்கியது. கடை வாசலில் இரண்டு மணி நேரம் மணி அடிக்கக் குடும்பமாகவே பெயர் கொடுக்கலாம்.

கிறிஸ்துமஸ் தாத்தா விஷயத்தில் கிறிஸ்தவ ஹோம்ஸ்கூல் வீடுகள் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. நீங்கள் எந்தப் பக்கம் என்பது உங்கள் பாடு. டிசம்பர் 6இல், இன்றைய துருக்கியில் இருந்த மீரா நகரத்து ஆயர் நிக்கோலாவின் கதையைச் சொல்வது இரண்டு தரப்புக்கும் ஒத்துப்போகும். ஆனால் கோ-ஆப் விருந்துக்கு முந்தைய நாள் பிள்ளையிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள்: "நம் வீட்டில் தெரிந்ததை மற்றப் பிள்ளைகளிடம் போய் உடைக்கக் கூடாது." நம் பிள்ளைகள் உண்மை பேசுகிறோம் என்று நாலு வயதுக்காரியை அழவிட்டு வருவார்கள், பிறகு அந்த அம்மா முகத்தில் நாம் விழிக்க வேண்டும்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் எல்லாம் டிசம்பர் நடுவில்தான் கிளம்பும், விமானக் கட்டணம் உச்சத்தில் நிற்கும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கிறிஸ்துமஸை ஊரில்தான் கொண்டாட வேண்டும் என்றால், டிசம்பர் தொடக்கத்திலேயே போய், கணக்கு ஏட்டையும் ஒரு கதைப் புத்தகத்தையும் மட்டும் கொண்டுபோங்கள். இல்லையென்றால் ஜனவரி கடைசியில் போகலாம், கூட்டம் குறைந்திருக்கும். தரங்கம்பாடிக்கு ஒரு நடை போய்வந்தாலும் நல்லது. 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய கடற்கரையையும், பிற்பாடு தமிழில் புதிய ஏற்பாடு அச்சான ஊரையும் நேரில் பார்த்த பிள்ளைக்கு, லூக்கா 2ஐத் தமிழில் படித்தது எங்கிருந்து வந்தது என்று தெரியும். "பள்ளிக்கூடம் போகலையா?" என்று அத்தைமார் கேட்பார்கள். விளக்கம் சொல்லி மாளாது. பிள்ளையை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் காபி குடிக்கப் போங்கள்.

படி 6: எழுதி வையுங்கள், பிறகு மெதுவாகத் திரும்புங்கள்

நாள் கணக்குக் கேட்கும் மாநிலமோ இல்லையோ, ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி. "டிச. 8: லூக்கா 2:4 தமிழில். அச்சு முறுக்கு, ¾ கப் × 1½. சூரியன் மறைந்தது 4:28. கணக்கு 20 நிமிடம்." இவ்வளவு போதும். பென்சில்வேனியாவில் படித்த புத்தகங்களின் பெயரோடு பதிவேடு வைப்பது சட்டப்படியே தேவை, ஜூன் கடைசிக்குள் மதிப்பீட்டாளரின் சான்றையும் பள்ளி மாவட்டத்தில் கொடுக்க வேண்டும். சூரியப் படத்தையும் பறவைப் பட்டியலையும் கோப்பில் போட்டால் கணக்கு, அறிவியல் இரண்டுக்கும் சேர்ந்த சான்று அது.

ஜனவரி 2ஆம் தேதி காலையிலேயே எட்டுப் பாடத்தையும் மேசையில் அடுக்காதீர்கள். கணக்கும் வாசிப்பும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஜனவரி 6, ஞானிகள் வந்ததை நினைக்கும் எபிபனி நாள். அதுவரை அப்படியே போகட்டும். மரத்தைக் கழற்றிய மறுநாள் மேல்தட்டுப் பெட்டியை இறக்கி ஒரு பாடத்தை எடுங்கள், இரண்டு நாள் கழித்து இன்னொன்று. இரண்டாம் வாரக் கடைசியில் எல்லாம் மேசைக்கு வந்திருக்கும். அந்த வெள்ளிக்கிழமை நோட்டை எடுத்து நாட்களைக் கூட்டுங்கள். நியூயார்க்கில் இருப்பவர்கள் அடுத்த காலாண்டு அறிக்கை எந்தத் தேதி என்று பள்ளி மாவட்டத்துக்குக் கொடுத்த பாடத்திட்டத்தில் பார்த்துக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் 180இல் எத்தனை பாக்கி என்று எழுதி, மே கடைசியா ஜூன் நடுவா எங்கே முடியும் என்று பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். பென்சில் ஏனென்றால் பிப்ரவரியில் காய்ச்சல் வரும்.